மாட்யூல் என்பதற்குக் கலைச்சொல்: கூறு, ஓத்து, சுளை

நாகர்கோவில், பாலிடெக்னிக் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பெரிய திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளைச் சிறு மாட்யூல்களாகப் பிரிப்பது பற்றிய பாடத்தைத் தமிழில் எழுதி வருகிறேன்; கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர அமைப்பை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். 2005 டிசம்பரில் ஒரே மூலநிரல் இரு வடிவங்களில் வெளிவந்தது: எக்ஸ்11 ஆர்6.9 பழையபடி ஒரே திரளாகவும், ஆர்7.0 தனித்தனி மாட்யூல்களாகவும். அதுவரை ஒரு வரைகலை இயக்கியில் (டிரைவர்) சிறு பிழையைத் திருத்தினாலும் முழு அமைப்பின் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது; பிரித்த பின் அந்த இயக்கியை மட்டும் வெளியிட முடிந்தது. இந்தத் தன்மையைச் சுட்டும் சொல் வேண்டும். 'பகுதி' வன்தட்டைப் பிரிப்பதற்குப் போய்விட்டது. 'தொகுதி' என்றால் மாணவர்களுக்குச் சட்டமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. 'கூறு' பொருந்துமா?

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'கூறு' வெட்டியதைச் சொல்கிறதே தவிர, எதன்படி வெட்டினோம் என்பதைச் சொல்லவில்லை. 'நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு, ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது ஓத்து' என்று தொல்காப்பியமும் நன்னூலும் வரையறுத்துள்ளன. ஓரினமானவை ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதுதானே உங்கள் மாட்யூலின் இலக்கணம்? ஓது என்னும் வினையே ஓத்து ஆயிற்று என்பர். ஒத்தவற்றைச் சேர்ப்பதால் 'ஒத்து' நீண்டு 'ஓத்து' ஆயிற்று என்பது என் துணிபு. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாகப் பாயிரம் கூறுகிறது. அந்த ஊர் குழித்துறைக்கு அருகிலுள்ள அதங்கோடே என்று நம்பி வளர்ந்தவன் நான். நம் மண்ணின் ஆசான் முன் அரங்கேறிய சொல்லை நாமே கைவிடலாமா?

குலசேகரம், நிரலர்:

ஐயா, வரையறையின் அழகை மறுக்கவில்லை. ஆனால் 'ஓத்து' என்பதோடு வினா ஆகாரம் சேர்ந்தால் எப்படி ஒலிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். எந்த ஆசிரியராலும் அதை வகுப்பில் உச்சரிக்க இயலாது. நான் 'சுளை' என்பேன். சக்கையின் (பலாப்பழத்தின்) ஒவ்வொரு சுளைக்கும் தனக்கென ஒரு கொட்டை உண்டு. ஒன்றை எடுத்தால் மற்றொன்று சிதைவதில்லை. கையில் எண்ணெய் தடவாமல் சக்கையைப் பிரித்தால் பிசின் ஒட்டிக்கொள்வது போல, ஒரு மாட்யூல் இயங்க மற்றொன்று தேவைப்படும் சார்புகளை முன்கூட்டியே தளர்த்தாமல் மென்பொருளையும் பிரிக்க முடியாது. கேடிஈ என்னும் திறமூல மேசைத்தள மென்பொருள் திட்டத்தின் நிரல் நூலகங்கள் 2014-இல் 50-க்கும் மேற்பட்ட சட்டகங்களாகப் (ஃபிரேம்வொர்க்) பிரிந்து வெளிவந்தபோது, சார்பின் அளவுப்படி அவற்றை அடுக்கடுக்காக வகுத்தார்கள். முதல் அடுக்கில் உள்ளவை மற்றச் சட்டகங்கள் எதையும் சார்ந்திருக்கக் கூடாது. பாடத்தின் சாரமே அந்த ஒழுங்குதான்.

நாகர்கோவில், ஆசிரியை:

உவமையைப் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன், தம்பி. ஆனால் 'சுளையாக ஐயாயிரம் கொடுத்தான்' என்றால் குறையாமல் முழுதாகக் கொடுத்தான் என்றல்லவா பொருள்? பிரித்தலுக்கு அது எதிர்த்திசையில் இழுக்கிறது. வினையாக்கமும் தடுமாறுகிறது.

குலசேகரம், நிரலர்:

அந்த முழுமையைத்தான் நானும் சொல்கிறேன், அக்கா. பிரிந்த பின்னும் ஒவ்வொன்றும் முழுதாக இருப்பதே மாட்யூல். இருந்தாலும், 'சுளையாக்கம்' என்று தலைப்பிட எனக்கும் மனம் வரவில்லை.

நாகர்கோவில், ஆசிரியை:

தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் 'கூறு' பக்கமே பலர் நிற்கிறார்கள். கூறு, கூறாக்கம், கூறாக்கிய மென்பொருள் எனச் சொல் தடையின்றிக் கிளைக்கிறது. முதல் வாசிப்பிலேயே புரிகிறது. முதல் முறை வருமிடத்தில் 'மாட்யூல்' என்பதையும் பக்கத்தில் தருகிறேன்.

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

குளச்சல் சந்தையில் மீனைக் கூறு வைக்கும்போது, எந்தக் கூற்றில் எந்த மீன் போனாலும் விலை ஒன்றே. இயக்கியும் எழுத்துருவும் அப்படிக் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை பேர் உழைத்துப் பிரித்தார்கள்? அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஓத்தின் வரையறையை மட்டும் பாடத்தின் முதல் பத்தியில் வையுங்கள். என் உடன்பாடின்மையையும் குறித்துக்கொள்ளுங்கள்.