பாசித் தெப்பத் திட்டம்: ஆய்வைச் சுருக்கிக் கொடுத்தால் போதுமா?

பாம்பன்காற்று: வெளிநாட்டு நிதியில் நம்ம ராமநாதபுரம் கரையில் கடற்பாசி வளர்ப்புத் திட்டம் போடுகிற நிறுவனங்களுக்கு, நிதி கேட்டு மனு எழுதும் முன்பே ஆய்வுகளின் இரண்டு பக்கச் சுருக்கம் தரணும் என்பது என் வாதம். நிதி வந்தபிறகு ஆய்வாளரைக் கூப்பிட்டு என்ன பயன்? இலக்கு எண்ணெல்லாம் கையெழுத்தாகியிருக்கும்.

கட்டுமரம்: சுருக்குற இடத்துலதான் அண்ணே கெடுது. 12க்கு 12 அடி மூங்கில் தெப்பம், 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம். ஆக விதைப்பாசி 60 கிலோ. 45 நாளில் 240 கிலோ வரும். சுருக்கத்தில் தங்குவது இந்தக் கடைசி எண் மட்டும். மனு எழுதுகிறவர் அதை வருஷத்துக்கு 8 அறுவடை என்று பெருக்கிவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணைப் பக்கம் தெப்பம் உடையும். கோடையில் தண்ணீர் சூடேறினால் தண்டு வெளுத்து ஒடியும். இன்னொன்று: அடுத்த நடவின் விதைக்கு 60 கழித்தால் மிச்சம் 180, அதுவும் ஈரப்பாசி. காய்ந்தால் சுமார் பத்தில் ஒரு பங்கு, 18 கிலோ. ஈர எடையைக் காய்ந்த பாசி விலையால் பெருக்கினால் வருமானம் காகிதத்தில் மட்டும்தான். ஐந்து தெப்பம் போட்டு ஒரு வருஷம் பாருங்க, கடலில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிற பெண்களைக் கேளுங்க.

பாம்பன்காற்று: கேட்கணும், சரி. ஆனால் 2008-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ அறிவியல் இதழில், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், தெப்பத்தில் வளர்க்கிற இதே கப்பாபைகஸ் பாசி உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்ததாகக் கட்டுரை வந்தது. எவ்வளவு பரவும் என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. ஐந்து தெப்பம் ஒரு வருஷத்தில் அதைக் காட்டாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்கா என்பதை மறந்துடாதீங்க.

உப்புக்கழி: ரெண்டு பேருமே திட்டத்துக்குக் கணக்கு எழுதுற தாளை விட்டுட்டீங்க. அதில் ‘மிதக்கவிட்ட தெப்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஊழியர் அதை மட்டும் நிரப்புவார். அதை ‘விற்ற காய்ந்த பாசி, கிலோவில்’ என்று மாற்றச் சொல்லுங்க. சுருக்கத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தக் கரை, எந்த மாசம், எத்தனை தெப்பம், ஈரமா காய்ந்ததா என்று இருந்தே ஆகணும்.

கட்டுமரம்: அந்தப் பக்கக் கட்டம் இருந்தா சுருக்கத்துக்கு நானும் சரி. ஆறாம் மாசம் எண் தப்புன்னு தெரிஞ்சா இலக்கைக் குறைக்கலாம்னு ஒப்பந்தத்திலேயே எழுதுவாங்களா, அண்ணே?

பாம்பன்காற்று: எழுதச் சொல்லிக் கேட்கிற இடம் மனுதான். அதனாலதான் முன்னாடியே என்கிறேன்.