பவளத்துக்கு ஹார்மோன் கொடுத்து முட்டை விட வைக்க முடியுமா?

கொளத்தூரான்:
அண்ணன்மாருக்கு வணக்கம். ஊரில் வண்ணமீன் பண்ணை வைத்திருந்த குடும்பம். இப்போது வேலை சிங்கப்பூரில். வீட்டில் 500 லிட்டர் உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதில் அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் இரண்டு, நாலு வருஷமாக வளர்கின்றன. பெரியது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்துவிட்டது. ஆனால் ஒரு தடவைகூட முட்டை விட்டதில்லை. போன வாரம் தொட்டி கழுவும்போது ஒரு கிளை ஒடிந்தது. உடைந்த இடத்தை லென்ஸில் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக மணிகள்!

ஊரில் கோய் கெண்டைக்கு சாயங்காலம் ஓவாப்ரிம் ஊசி போட்டால் விடிவதற்குள் முட்டை. பவளத்திலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உண்டு என்று படித்தேன். தண்ணீரில் கலந்து பார்க்கலாமா?

உப்புத்தண்ணி:
கலந்துடாதீங்க தம்பி! ஹவாயில் மாண்டிபோராங்கற பவளத்துக்கு மூணு வாரம் ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன்ல ஒரு வகை) கொடுத்துப் பார்த்தாங்க (2004-ல் வந்த ஆய்வு). முட்டைப் பொட்டலம் (முட்டையும் விந்தும் சேர்ந்த உருண்டை) கூடலை, சுமார் 29 சதவீதம் குறைஞ்சுது.

பவளத்தில் ஈஸ்ட்ரோஜன் இருக்கறது நிஜம். முட்டை விடற ராத்திரி கடல்தண்ணியிலயே அளந்திருக்காங்க. ஆனா நம்ம உடம்புல இருக்கற மாதிரி ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடிச்சு வேலையைத் தொடங்கற புரதம், அதுக்குக் கிடையாது. அங்க அது என்ன வேலை பார்க்குதுன்னு இன்னும் சண்டை ஓயலை.

பவளப்பூச்சி:
ஓவாப்ரிம் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்த மருந்தில் இரண்டு சரக்கு: மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எழுப்பும் ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன், முட்டை விடுவதற்கு பிரேக் போடும் டோபமைனைத் தடுக்கும் டோம்பெரிடோன். பவளத்துக்கு மூளையும் இல்லை, பிட்யூட்டரியும் இல்லை. வெறும் நரம்பு வலைதான். இருந்தாலும் தைவானில் யூஃபிலியா பவளத்தின் சாற்றை மீனின் பிட்யூட்டரி செல்களில் விட்டபோது ஜிஎன்ஆர்ஹெச் பட்டது போலவே அவை முட்டை விடத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனைச் சுரந்தன (2006). டோபமைன் கதை இதைவிட சுவாரசியம். 2013-ல் வந்த ஜப்பானிய ஆய்வில் அக்ரோபோரா டெனுவிஸ் இருந்த தண்ணீரில் துளி டோபமைன் சேர்த்தார்கள். அந்தத் துண்டுகள் முட்டையே விடவில்லை. மீனில் பிரேக் போடும் அதே சரக்கு!

அதற்காக டோம்பெரிடோன் மாத்திரையைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். வெள்ளை மணி என்றால் சினை பிடித்திருக்கிறது, முற்றவில்லை. முட்டை விடும் நாள் நெருங்கும்போது அக்ரோபோரா முட்டை இளஞ்சிவப்பாகும். ராத்திரி லைட் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

கொளத்தூரான்:
நீல 'மூன் லைட்' விடிய விடிய எரியும், எல்லா நாளும். போதாததற்கு வராந்தா ட்யூப்லைட் வேறு ஜன்னல் வழியாக விழும். ஹீட்டர் வருஷம் முழுக்க 26 டிகிரி.

பவளப்பூச்சி:
அப்படியென்றால் உங்கள் பவளத்துக்கு தினமும் பௌர்ணமி! பௌர்ணமி கழிந்தால் நிலா நாளுக்கு நாள் தாமதமாக எழும். சூரியன் மறைந்து நிலா எழும் வரை ஒரு இருட்டு இடைவெளி வரும். டிப்சாஸ்ட்ரியா என்ற இனம் அந்த இருட்டை வைத்துத்தான் நாள் குறிக்கிறது என்று 2021-ல் காட்டினார்கள். அக்ரோபோராவும் அச்சு அசல் அப்படியே என்று சொல்லமாட்டேன், ஆனால் நிலா அதற்கும் முக்கியம். லண்டன் ஹார்னிமன் மியூசியத்தில் நாலு வகை அக்ரோபோராவைத் தொட்டியிலேயே முட்டை விட வைத்தார்கள். ஊசி கிடையாது, கடலின் வருஷ வெப்பநிலை, பகல் நீளம், நிலா மூன்றையும் அப்படியே நகல் எடுத்தார்கள். உங்கள் ஊர்க் கடலில் ஏப்ரல் பௌர்ணமிக்குப் பின் 3 முதல் 5 இரவுக்குள் பல இனங்கள் விடும். அந்தக் காலண்டரைப் பிடியுங்கள்.

உப்புத்தண்ணி:
முக்கியமானதை விட்டுட்டீங்களே. தம்பி, அந்த ரெண்டும் ஒரே தாயிலிருந்து ஒடிச்ச துண்டுகளா? அப்படின்னா முட்டை விட்டாலும் கரு அநேகமா பிடிக்காது. ஒரே பவளம் முட்டையும் விந்தும் ரெண்டும் விடும், ஆனா தன் விந்து தனக்கு ஆகாது.

கொளத்தூரான்:
மூன் லைட்டைப் பிடுங்கிவிட்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டாச்சு. வீட்டம்மா கேட்டதற்கு பவளம் தூங்கவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

துண்டு விஷயம்தான் இடிக்கிறது அண்ணே. இரண்டையும் ஒரே கடையில், ஒரே தட்டிலிருந்து எடுத்தேன். கலர்கூட ஒன்றுதான்.