புதுப்பிப்பு: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்கா மகன் கடைசியில் எங்கே சேர்ந்தான்

மே மாதம் கேட்டிருந்தேன்: அரசுப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த அக்கா மகனுக்குக் கட்-ஆஃப் குறைவு, மாமா கடன் வாங்கியாவது தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்க்கப் பார்க்கிறார், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 'பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு' யோசனைதான். அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கிடைத்துவிட்டது. இரண்டே வருடத்தில் டிப்ளமோ. விரும்பினால் அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். இதைச் சொன்ன பிறகுதான் மாமா இறங்கி வந்தார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலுக்குப் போகச் சொன்னவர்கள் சொன்னதும் தப்பில்லை. பையனுக்குத்தான் லேத் மெஷின் மேலேயே கண்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று. மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். இவன் எட்டாவது வரை ஊரிலிருக்கும் நடுநிலைப் பள்ளி. மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதிலிருந்துதான் எழுதித் தந்தார்கள். பழைய பள்ளிக்குப் போனால், தலைமையாசிரியர் புதியவர். பீரோவிலிருந்து நைந்துபோன சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து விரலால் வரி வரியாகத் தேடினார். பேர் இருந்தது, இனிஷியல்தான் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை! ஆதாரைத் திருத்த இரண்டு வாரம் ஓடிவிட்டது.

இரண்டு பள்ளி மாறிய பிள்ளை என்றால், இந்தச் சான்றிதழை ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.