மறுமொழி: கவசத்துக்குள் வியர்வை காயாத நிலைக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்ட ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறீர்கள். எல்லா மடல்களையும் இரண்டு முறை படித்துவிட்டே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் மறுமலர்ச்சி விழா என்று ஒன்று உண்டு. 1963இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. இன்று பல மாநிலங்களில் வார இறுதிகளில் திறந்தவெளியில் நடக்கிறது. பழைய இங்கிலாந்துச் சந்தை ஒன்றை அப்படியே எழுப்பி, வருகிறவர்களும் அந்தக் காலத்து உடையில் வருவார்கள். நான் இருக்கும் டெக்சாஸில் நம் பிள்ளைகள் சிலர் கவசம் பூண்டு வாட்போர் செய்யும் குழுக்களில் சேர்ந்திருக்கிறார்கள். கவசத்துக்குள் ஏறும் சூட்டின் ஆபத்தைப் பற்றித் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரே ஒரு சொல் கிடைக்காமல் வேலை நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘அன்காம்பென்சபிள் ஹீட் ஸ்ட்ரெஸ்’ என்கிறார்கள். எவ்வளவு வியர்த்தாலும் உடம்பு ஆற வழியில்லாமல் சூடு ஏறிக்கொண்டே போகும் நிலை அது.

> கவசச் சூடு என்று எளிமையாகச் சொன்னால் என்ன? இரும்பு வெயிலில் காய்கிறது, அதனால் உடம்பு சுடுகிறது, அவ்வளவுதானே.

அவ்வளவு இல்லை ஐயா. தலை முதல் கால் வரை மூடும் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். மே மாத வெயிலில் அதன் தோள்தகட்டில் கை வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தகடு தோலில் படுவதே இல்லை. நடுவில் ஒரு பஞ்சுச் சட்டை இருக்கிறது: லினன் அல்லது பருத்தித் துணியைப் பல மடிப்பாக வைத்தோ, இடையில் பஞ்சைத் திணித்தோ, வரிவரியாகத் தைத்தது. அடி உள்ளே இறங்காமல் காப்பது இந்தச் சட்டை. உடம்பின் சூட்டை வெளியே விடாததும் இதுவே. சூடு பிறக்கும் இடமும் வெளியே இல்லை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கவசம் அணிந்தவர்களை ஓடுபொறியில் நடக்கவிட்டு அளந்தார்கள். நடப்பதற்குச் செலவான ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஆற்றலில் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே சூடாக மாறுகிறது.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. என் தங்கை மகனுக்கு அப்போது 19 வயது. இரண்டு சுற்று வாட்போர் முடித்துவிட்டுத் தானாகவே நடந்து நிழலுக்கு வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றினோம். மார்புத் தகடு, கைத் தகடுகள் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்தோம். இரும்பு போய்விட்டது, இனி ஆறிவிடுவான் என்று எல்லோரும் நம்பினோம். பஞ்சுச் சட்டையின் நாடாக்கள் வியர்வையில் ஊறி முடிச்சு இறுகியிருந்தன. அப்புறம் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு அவன் கையில் தண்ணீரைக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில், வந்தபோது இருந்ததைவிட மோசமாகிவிட்டான். கார்ச் சாவி எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூட பஸ் இன்னும் வரவில்லையே என்றான். கழுத்துப் பட்டியில் விரலை நுழைத்துப் பார்த்தேன். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி.

முதலுதவிக் கூடாரத்துச் செவிலியர் ஓடிவந்து, முடிச்சை அவிழ்க்க நேரமில்லை என்று கத்தரியால் நாடாக்களை வெட்டினார். ஐஸ் கொட்டிய தொட்டித் தண்ணீரில் அவனைக் கழுத்தளவு இறக்கிவிட்டு, அதன் பிறகே ஆம்புலன்ஸை அழைத்தார்கள். முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ என்பதுதான் இதற்கு முறை. மறுநாள் வீடு திரும்பினான். அந்தச் சட்டையைத் தரையிலிருந்து தூக்கியபோது நனைந்த கம்பளி போலக் கனத்தது. சட்டைக் கை ஒன்றைப் பிழிந்தேன், நீர் தாரையாக ஒழுகியது. அத்தனையும் அவன் வியர்வை. அதில் ஒரு சொட்டுகூட அவன் உடம்பை ஆற்றவில்லை.

அதனால்தான் பெயரைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். கவசச் சூடு என்று பெயர் வைத்தால், கவசத்தைக் கழற்றினால் போதும் என்றுதான் மருந்தும் தோன்றும். நாங்கள் அன்றைக்குச் செய்தது அதைத்தான். பிழையான பெயர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன்: ஹீட் ஸ்ட்ரோக் என்பதை ‘வெப்பப் பக்கவாதம்’ என்று மொழிபெயர்த்துப் போடும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. அதைப் படித்தவர் கை கால் இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு குழறுவதையும் நடை தள்ளாடுவதையும் வெயில் களைப்பு என்று விட்டுவிடுவார். என் அறிக்கையில் அதை வெப்பத்தாக்கு என்றே எழுதுகிறேன்.

> ஈடுசெய்யவியலா வெப்பத் தகைவு. ஆங்கிலத்துக்கு நேர்.

நேராக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகைவு நம் பாடநூல்களில் ஏற்கெனவே கம்பியையும் உத்தரத்தையும் இழுத்துப் பிடிக்கும் சொல். இயற்பியல் படித்தவருக்கு வெப்பத் தகைவு என்றவுடன் சூட்டில் விரியும் தண்டவாளம்தான் கண்ணில் தெரியும். படிக்காதவருக்கு ஒன்றுமே தெரியாது. கத்தரியை எடு என்று அவசரத்தில் ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டிய சொல், வாய்விட்டுப் படித்தவுடன் புரிய வேண்டும்.

> யாழ்ப்பாணத்தில் நாங்கள் அவிச்சல் என்போம். தமிழ்நாட்டில் புழுக்கம் என்கிறீர்கள். இரண்டுமே அடுப்படிச் சொற்கள் என்பதைக் கவனித்தீர்களா?

அம்மா, உங்கள் மடல்தான் எனக்குக் கதவைத் திறந்தது. நெல்லைப் புழுக்குகிறோம், கிழங்கை அவிக்கிறோம். இரண்டிலும் ஈரமும் சூடும் மூடிக்குள் சேர்ந்து நின்று, உள்ளே இருப்பதை வேகவைக்கின்றன. வெறும் வெயிலை நாம் புழுக்கம் என்று சொல்வதில்லை. காற்று நின்று, வியர்வை காயாமல், உடம்பெல்லாம் பிசுபிசுக்கும்போதுதான் புழுங்குகிறது என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும் பொருளில் பாதி இந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அவிச்சலும் எனக்கு அதே அளவு பிடித்தது. ஆனால் அவித்தல் என்றால் விளக்கை அணைத்தலும் ஆகும். குளிர்விக்கும் முறையைப் பற்றிய அறிக்கையில் அந்த இரட்டைப் பொருள் குறுக்கே வந்துவிடுமோ என்று தயங்குகிறேன்.

மீதிப் பாதி, அந்தப் புழுக்கத்திலிருந்து உடம்பு மீள முடியுமா என்பது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சட்டையில் ஊறி நின்றால் அந்தப் பயன் கிட்டாது. 70 கிலோ உடம்பு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற 245 கிலோஜூல் அளவுக்கு வேண்டும். விநாடிக்கு 200 ஜூல் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கினால், 20 நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். ஒரு மணி நேரத்தில் 37 டிகிரி 40 ஆகிவிடும். ஆற வேண்டிய அளவு, ஆறக்கூடிய அளவைத் தாண்டிவிட்டதா என்பதே கேள்வி. பெல்டிங், ஹாட்ச் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1955இல் வகுத்த வெப்பக் குறியீடு இந்த இரண்டின் விகிதத்தை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதுதான். அது நூறைத் தாண்டினால் மீட்சி இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: ஆறாப் புழுக்கம். அந்த எல்லையைத் தாண்டாத நிலைக்கு ஆறும் புழுக்கம். பால் ஆறியது, சோறு ஆறிவிட்டது என்று நாள்தோறும் சொல்கிறோம். ஒரு பொருள் தன் சூட்டைச் சுற்றியிருக்கும் காற்றுக்கு விட்டுக்கொடுப்பதற்கு இதைவிடத் துல்லியமான வினை நம்மிடம் இல்லை. ஒரு நண்பர் தணியாப் புழுக்கம் என்றார். தணிதல் காய்ச்சலுக்கும் தாகத்துக்கும் கோபத்துக்கும் பொது. சூடு வெளியேறுகிறது என்ற நடப்பு அதில் தெரியவில்லை.

> மனப் புழுக்கம், ஆறாத் துயரம் என்றெல்லாம் மனத்தைத்தான் குறிக்கும். மருத்துவச் சொல்லாக நிற்குமா?

நியாயமான தடை. ஆனால் காய்ச்சல் என்ற சொல்லைப் பாருங்கள். வயலைக் காயவிட்டு நீர் பாய்ச்சுவதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று உழவர் சொல்லும்போது யாரும் வெப்பமானியைத் தேடுவதில்லை. மருத்துவமனையில் காய்ச்சல் என்றால் வயலை நினைப்பதில்லை. இடமே பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடும். சேர்த்து எழுதினால் ஆறாப்பு (ஆறாம் வகுப்பு) என்று கண் படித்துவிடும் என்ற எச்சரிக்கை மிகச் சரி. எனவே எப்போதும் பிரித்தே எழுதுவோம்.

> அந்தக் காலத்து வீரர்கள் இதே கவசத்தில் போரிட்டார்களே, அவர்களுக்கு வராததா?

வந்தது. 1187 ஜூலை 4, ஹத்தீன். சிலுவைப் போர்ப்படை கோடையில், தண்ணீர் இல்லாத வழியில், வளையக் கவசத்தோடு நடந்து போய்ச் சுல்தான் சலாகுத்தீனின் படையிடம் சிக்கியது. எதிரி அவர்களை நீரிலிருந்து தடுத்துவிட்டு, காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துப் புகையையும் சேர்த்தான். வெயிலும் தாகமும் அன்றைய தோல்வியில் பெரும்பங்கு வகித்தன. இன்றைக்கும் அமெரிக்கப் படையில், ஈரக் காற்றுள்ள இடத்தில் உடற்கவசம் போட்டால், காற்றின் ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து அளந்த வெப்பநிலையோடு 5 டிகிரி ஃபாரன்ஹீட் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். 2020இல் முழுப் பாதுகாப்பு உடைக்குள் மணிக்கணக்கில் நின்ற நம் ஊர்ச் செவிலியர்களுக்கும் இந்தச் சொல் அப்போதே தேவைப்பட்டது.

பஞ்சுச் சட்டைக்கும் ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலப் பெயரான கேம்பெசன் என்றே விடலாம் என்றார் ஒருவர். எனக்கு மனம் வரவில்லை. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர் ‘மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து’ நிற்கிறார்கள். மேற்கிலிருந்து வந்த வீரர்கள், உடம்பை மூடும் சட்டைக்குள் புகுந்து நிற்பது. நமக்கு வேண்டிய பொருளுக்கு இதைவிட நெருக்கமாக வேறென்ன கிடைக்கும்? அது பஞ்சு வைத்த சட்டை என்று பாட்டு சொல்லவில்லை என்பதால், பஞ்சு மெய்ப்பை என்று அடை சேர்த்துக்கொள்கிறேன். வெளிக்கவசத்துக்குப் பதிற்றுப்பத்தின் மெய்ம்மறையை எடுத்து ஆளலாம் என்று எழுதியிருந்தீர்கள். அழகான சொல், ஆனால் பெற்றோருக்குக் கவசம் போதும்.

துண்டறிக்கையில் இப்படி வருகிறது: “கவசத்தை மட்டும் கழற்றி நிறுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சு மெய்ப்பைதான் ஆறாப் புழுக்கத்தை உண்டாக்குகிறது. நாடா அவிழவில்லை என்றால் வெட்டுங்கள். பிள்ளை பேச்சுக் குழறினால் குளிர்ந்த நீரில் கழுத்தளவு இறக்குங்கள்; அதே நேரத்தில் இன்னொருவர் ஆம்புலன்ஸை அழையுங்கள். தலை நீருக்கு மேலேயே இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.”

இலக்கணம் தெரிந்தவர்கள் ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ‘ஆறா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆகவே ப் மிகும் என்றே எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால், திங்களன்று அறிக்கையை அச்சுக்குக் கொடுக்கிறேன். இந்த ஆண்டு விழா அடுத்த மாதம் தொடங்குகிறது.