அப்பா 8 மணிக்கே படுத்துவிடுவார்: 8,000 ரூபாய்க்குள் வீட்டில் வாசிக்க என்ன கிதார் ஆம்ப் வாங்கலாம்?

களியக்காவிளை_ஸ்ட்ராட் எழுதியது:

அண்ணன்மாரே, வீடு களியக்காவிளைக்குப் பக்கம். எலக்ட்ரிக் கிதார் இப்போதுதான் வாங்கினேன். ஸ்ட்ராட் மாடல், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் மூன்றும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). ஆம்ப் (கிதார் சத்தத்தைக் கூட்டித் தரும் ஸ்பீக்கர் பெட்டி) இல்லாததால் பழைய ஹோம் தியேட்டரில் குத்தி வாசிக்கிறேன். கம்பளியைப் போட்டு மூடியதுபோல் மங்கிய சத்தம்தான் வருகிறது, கூடவே ஒரு இரைச்சல்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன்னே தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பதால் 8 மணிக்கே படுத்துவிடுவார். எனக்கு வாசிக்க நேரம் கிடைப்பதே அதற்கு அப்புறம்தான். டிசம்பரில் சபை வாலிபர்களோடு கேரல் ரவுண்டுக்கும் தூக்கிப்போக முடிந்தால் ரொம்ப நல்லது. கையில் இருப்பது 8,000. ஊரில் ஒருவர் பழைய 40 வாட் ஆம்ப் தருகிறேன் என்கிறார். வாட் கூடுதலாக இருந்தால் பிற்காலத்துக்கு ஆகும் என்கிறார். வாங்கலாமா?

பாறசாலை_பேஸ் எழுதியது:

40 வாட்டா? பால் வெட்டும் கத்தி வீட்டில்தானே இருக்கிறது, தம்பி!

ராத்திரி வாசிப்புக்கு மட்டும் என்றால் வாக்ஸ் ஆம்ப்பிளக் போதும். நேராகக் கிதாரில் செருகி, ஹெட்போனை அதில் மாட்டினால் முடிந்தது. இரண்டு பென்சில் பேட்டரி, அதுவும் சின்ன சைஸ். நானே பேஸ் மாடலைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கேரலுக்கு உதவாது.

தக்கலை_சவுண்ட்_சர்வீஸ் எழுதியது:

சபைகளுக்கும் கோயில் கொடைகளுக்கும் சவுண்ட் கட்டுகிறவன் நான், ஆம்ப் பழுதும் பார்ப்பேன். அந்த 40 வாட்டை விட்டுவிடு மக்கா.

வாட் நாலு மடங்கானால் சத்தமும் நாலு மடங்காகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 10 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போனால் கூடுவது 6 டெசிபல். 100 வாட்டுக்குப் போனால் 10 டெசிபல், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற சிக்கல் வேறு. பெரிய ஆம்பில் வால்யூம் குமிழை ஒரு மயிரிழை திருப்பினாலே சத்தம் குதிக்கும். அதற்குக் கீழே வைத்தாலோ ஒன்றுமே கேட்காது. உனக்கு வேண்டியது குறைந்த சத்தத்திலும் நன்றாகப் பேசுகிற ஆம்ப்.

ஹோம் தியேட்டரில் சத்தம் மங்குவதற்கும் காரணம் உண்டு. கிதார் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் அளவில் மின்தடை உள்ள இன்புட் வேண்டும். ஹோம் தியேட்டரின் லைன் இன்புட்டில் அதில் சின்னப் பங்குகூட இருக்காது. மேல் சுரத்தை எல்லாம் அது விழுங்கிவிடும். கிதாரில் குறையில்லை, அதைச் சந்தேகப்படாதே.

இரைச்சலில் ஒரு பங்கு உன் சிங்கிள் காயிலுடையது. 50 ஹெர்ட்ஸ் கரண்டை அது காற்றிலேயே பிடித்துக்கொள்ளும். ஃபேன் ரெகுலேட்டர், டிவி, இன்வெர்ட்டர் பக்கம் உட்காராதே. கிதாரைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தாலே குறையும், செய்து பார். கிதார் கம்பியைத் தொட்டால் இரைச்சல் அடங்குகிறதா? அது சரியான அறிகுறிதான், பயப்படாதே. ஆனால் தொடும்போது சுரீர் என்று கையில் ஏறினால் உடனே ஆம்பை நிறுத்து. வீட்டு எர்த்தைப் பார்க்க எலக்ட்ரீசியனைக் கூப்பிடு. நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாவது துளை சும்மா பெயருக்கு இருக்கும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வாசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின்னோடு மாட்டுகிற வேலை எந்தக் காலத்திலும் வேண்டாம். ஐப்பசி மாத இடிக்கு ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடு.

சரி, எதை வாங்குவது? ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜி பார். 10 வாட், 6 அங்குல ஸ்பீக்கர், ஹெட்போன் ஜாக் உண்டு. போனை ஆக்ஸ் துளையில் மாட்டிப் பாட்டோடு சேர்ந்து வாசிக்கலாம். ஸ்ட்ராட்டுக்குக் கிளீன் சத்தம் நன்றாக இருக்கும். அதிலுள்ள ஓவர்டிரைவ் (கரகரத்த ராக் சத்தம்) எனக்குப் பிடிக்காது, ஈக் கூட்டம் மாதிரி. ஆரஞ்சு கிரஷ் 12இல் ஓவர்டிரைவ் அருமை, ஆனால் ஆக்ஸ் கிடையாது. கேரலுக்குத்தான் என்றால் பிளாக்ஸ்டார் ஃபிளை 3. 3 வாட்தான், ஆறு பேட்டரியில் ஓடும், தோள் பையில் அடங்கும். வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் பாடினால் சமாளிக்கும். டிரம்ஸ் சேர்ந்தால் சமாளிக்காது. பாஸ் கட்டானா மினி 7 வாட், அதுவும் ஆறு பேட்டரிதான். இரண்டு வேலைக்கும் அதுவே நல்லது, உன் கைக்காசுக்குள் வருமா என்று கேட்டுப் பார்.

பழையது வாங்கினால் குமிழ்களைத் திருப்பி கரகரப்பு வருகிறதா என்று கேள். ஜாக்கை ஆட்டிப் பார். ஸ்பீக்கர் காகிதத்தில் பூஞ்சை இருந்தால் வேண்டாம். இந்த மலையோர ஈரத்தில் அது நிற்காது.

கொல்லங்கோடு_கீஸ் எழுதியது:

இந்தக் காலத்தில் ஆம்ப் எதற்கு? கிதாரைப் போனோடு இணைக்கிற ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிப் போனில் குத்தினால் ஆப்பிலேயே ஐம்பது ஆம்ப் கிடைக்கிறது.

தக்கலை_சவுண்ட்_சர்வீஸ் எழுதியது:

கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஐம்பதில் எது நல்லது என்று தேடியே ராத்திரி கழியும், பையன் ஸ்கேல் வாசிக்கமாட்டான். அந்த வழியில் போனாலும் வயர் ஹெட்போன்தான் மாட்டவேண்டும். புளூடூத்தில் விரல் அடித்து அப்புறம்தான் சத்தம் வரும், தாளம் நிற்காது.

களியக்காவிளை_ஸ்ட்ராட் எழுதியது:

அண்ணே, ரொம்ப உபகாரம். 40 வாட்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரைச்சலுக்கும் விடை கிடைத்தது, இன்வெர்ட்டருக்கு நேர் மேலேதான் உட்கார்ந்திருக்கிறேன்! ஃப்ரண்ட்மேனா கட்டானாவா என்று இன்னும் முடிவாகவில்லை. திருவனந்தபுரத்துக் கடைகளில் வாசித்துப் பார்க்க விடுவார்களா?

தக்கலை_சவுண்ட்_சர்வீஸ் எழுதியது:

கேட்டால் விடுவார்கள். உன் கிதாரையே கொண்டுபோ, கடைக் கிதாரில் வாசித்துவிட்டு வாங்காதே. ஹெட்போனையும் எடுத்துக்கொள், ஜாக் 6.35 மில்லிமீட்டரா 3.5ஆ என்று அங்கேயே தெரிந்துவிடும். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டி வாசிக்கச் சொல்வார். நீ குறைத்து, பக்கத்தில் பேசுகிற பேச்சு கேட்கிற அளவில் வைத்து வாசி. அந்த அளவில் எது பிடிக்கிறதோ அதை எடு.

பாறசாலை_பேஸ் எழுதியது:

சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன், எனக்கு ஸ்டிரிங் செட் வாங்கவேண்டும். களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறு, பாறசாலையில் நான் ஏறிக்கொள்கிறேன்.