ஏழரை மணி ரயிலும் பத்து மணி வங்கியும்

குழு: நம் தெரு வீடுகள், கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

ரேவதி, காலை 8.40
எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும். தஞ்சாவூரில் புது வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. சம்பளம் போட எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும் சரி, பாஸ்புக் நகல் கொடுங்கள் என்கிறார்கள். என் பழைய கணக்கு சென்னையில், வேளச்சேரியில் இருக்கிறது. இங்கேயே புதிதாக ஒன்று தொடங்கலாம் என்று நினைக்கிறோம். எந்த வங்கி நல்லது?

பாஸ்கர், 8.47
தனியார் வங்கிதான் என் ஓட்டு. ஆப் நன்றாக இருக்கும். கிளைப் பக்கமே போக வேண்டாம்.

விஜயா அக்கா, 8.51
அங்கே மினிமம் பேலன்ஸ் வைக்கச் சொல்வார்களே தம்பி. மாசக் கடைசியில் கொஞ்சம் குறைந்தாலும் பிடித்துக்கொள்வார்கள்.

பாஸ்கர், 8.53
சம்பளக் கணக்குக்குப் பெரும்பாலும் அது கிடையாது அக்கா. கணக்கைச் சம்பளக் கணக்காகவே தொடங்கித் தருகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேகர் சார், 9.05
ரேவதி, முதலில் ஒன்று சொல்லும்மா. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், எப்போது வீடு திரும்புகிறாய்?

ரேவதி, 9.08
ஏழரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் சார். திரும்பி வர இரவு ஏழாகிவிடும். சனிக்கிழமையும் வேலை. இரண்டாவது, நான்காவது சனி மட்டும் லீவு.

சேகர் சார், 9.15
அந்த இரண்டு சனியும் வங்கிக்கும் விடுமுறை. 2015 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க அப்படித்தான். வங்கி திறந்திருக்கிற நேரம் முழுக்க நீ தஞ்சாவூரில் இருக்கிறாய். வட்டி, ஆப் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் இதற்கு வழி பண்ண வேண்டும்.

நான் 31 வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன். பணம் அனுப்புவதற்கு இன்று யாரும் கிளைக்கு வருவதில்லை. ஆனாலும் கூட்டம் இருக்கிறது. போன் நம்பர் மாறிவிட்டது, ஆதாரில் இனிஷியல் வேறாக இருக்கிறது, கேஒய்சி என்கிற அடையாள விவரத்தைப் புதுப்பிக்காமல் கணக்கு முடங்கிவிட்டது, கையெழுத்து ஒத்துவரவில்லை என்றுதான் வருகிறார்கள். வேறு கிளைக்குப் போனால் பாதி வேலைக்கு, "உங்கள் சொந்தக் கிளைக்குப் போங்கள்" என்பார்கள். அந்தக் கிளைக்கு உன் வீட்டிலிருந்து யார் போய்வர முடியும்?

ரேவதி, 9.19
அவர் வாரம் முழுக்க மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று பைக்கிலேயே சுற்றுகிற வேலை. அத்தைதான் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு முழங்கால் வலி.

விஜயா அக்கா, 9.22
அப்படியென்றால் மாடியில் இருக்கிற கிளை வேண்டவே வேண்டாம் ரேவதி. நான் போகிற கிளைக்குப் பதினேழு படி. கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் ஆடும். போன மாதம் ஒரு பாட்டி பத்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பாஸ்புக்கை என் கையில் கொடுத்து, "நீயே பதிந்துகொண்டு வாம்மா" என்றார்கள். மேலே போனால் பதிகிற இயந்திரம் ஓடவில்லை.

சேகர் சார், 9.26
விஜயா சொல்வதைக் குறித்துக்கொள். எந்த விளம்பரத்திலும் இது இருக்காது. கணக்கு தொடங்குமுன் யாராவது ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வயதானவர் ஒருவர் வந்து கேட்டால் எழுந்து பதில் சொல்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

நசீமா, 9.40
சார், தனியார் வங்கியில் போட்ட பணம் பத்திரமாக இருக்குமா? வீட்டில் இதே பேச்சுதான்.

சேகர் சார், 9.52
தனியார் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். நம் ஊரில் 1904-ல் கும்பகோணம் பேங்க் என்று தொடங்கியதுதான் இன்றைய சிட்டி யூனியன் பேங்க். தலைமை அலுவலகம் இன்னும் இங்கேதான் இருக்கிறது. பேங்க் ஆஃப் தஞ்சாவூர் என்று ஒன்று இருந்தது, 1990-ல் இந்தியன் வங்கியோடு சேர்ந்துவிட்டது. 2020 நவம்பரில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஒருவர் பொதுவாக 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் இருந்தது. பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள், டெபாசிட் யாருக்கும் போகவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் கடைச் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தவரை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்கிறேன்.

அரசு வங்கி, தனியார் வங்கி, கூட்டுறவு வங்கி எதுவானாலும் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம். அதே வங்கியின் நான்கு கிளையில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்குதான். 2020 பிப்ரவரி வரை அது வெறும் 1 லட்சமாக இருந்தது.

பாஸ்கர், 9.58
எங்கள் கிராமச் சங்கத்தில் போட்டாலும் 5 லட்சம் உண்டா சார்? அப்பா அங்கேதான் வைத்திருக்கிறார்.

சேகர் சார், 10.03
இல்லை பாஸ்கர். மத்திய கூட்டுறவு வங்கிக்கு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. நம் ஊர் நிதி நிறுவனங்களுக்கும் கிடையாது. பயிர்க் கடனுக்குச் சங்கத்தை விடவே கூடாது, குறுவைக்கு உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான். ஆனால் அப்பாவின் சேமிப்பு முழுவதும் அங்கே இருக்க வேண்டாம். இன்றைக்கே அவரிடம் பேசுங்கள்.

பாஸ்கர், 10.04
சரி சார். மதியம் ஊருக்குப் போகிறேன், கேட்கிறேன்.

விஜயா அக்கா, 10.20
ரேவதி, நான் ஒன்று சொல்கிறேன், நிதானமாகப் படி. எங்கள் வீட்டுக்காரர் தவறியபோது அவருக்கு இரண்டு வங்கியில் கணக்கு இருந்தது. ஒன்றில் என்னை நாமினியாகப் போட்டிருந்தார். இறப்புச் சான்றிதழ், என் ஆதார், ஒரு படிவம் கொடுத்தேன். மூன்றாவது வாரம் பணம் வந்துவிட்டது. இன்னொன்று கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியது. பாஸ்புக் முதல் பக்கத்தில் நாமினேஷன் என்ற இடத்தில் "இல்லை" என்று அச்சாகியிருந்தது. முப்பது வருடம் அதே பாஸ்புக்கை நான்தான் பீரோவில் எடுத்து வைத்தேன். ஒரு நாளும் அந்த வரியைப் படித்ததில்லை. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று, இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்து, பிள்ளைகளிடமிருந்து சம்மதக் கடிதம் என்று எட்டு மாதம் அலைந்தேன். உள்ளே இருந்தது 64,000 ரூபாய். காரியச் செலவுக்குக் கடன் வாங்கினேன்.

ரேவதி, 10.24
அக்கா... இதெல்லாம் எனக்குத் தெரியாது.

நசீமா, 10.25
நான் இப்போதுதான் என் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். என்னுடையதிலும் "இல்லை" என்றுதான் இருக்கிறது.

சேகர் சார், 10.31
எல்லோரும் எடுத்துப் பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம்.

ரேவதி, நீயும் அத்தையும் சேர்ந்து கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். உன் பெயர் முதலில் இருக்கட்டும். "இருவரில் யாராவது ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையைக் கேட்டு டிக் பண்ணு. நீ தஞ்சாவூரில் இருந்தாலும் அத்தை கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். கூட்டுக் கணக்குக்கும் நாமினி போடலாம், அங்கே உன் வீட்டுக்காரர் பெயரைப் போடு.

ரேவதி, 10.36
அப்படியானால் என் சம்பளம் முழுவதும் அந்தக் கணக்கில் வருமே சார். யுபிஐயும் அதிலேயே வைக்கலாமா?

நசீமா, 10.44
அதை மட்டும் செய்யாதே ரேவதி, நான் பட்டிருக்கிறேன். அய்யம்பேட்டை தாண்டும்போது ரயிலில் ஒரு மெசேஜ், கேஒய்சி முடிகிறது என்று லிங்க். கூட்டத்தில் நின்றுகொண்டே தொட்டுவிட்டேன், ஓடிபியும் போட்டுவிட்டேன். 18,500 போயிற்று. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்தான் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போட வைத்தாள். உடனே சொன்னதால் 11,000 முடக்கி வைத்து, பிறகு திரும்பி வந்தது. மீதி வரவில்லை. இப்போது யுபிஐக்குத் தனிக் கணக்கு, திங்கட்கிழமை அதில் 3,000 மாற்றுவேன். பூ, ஆட்டோ, டீ எல்லாம் அதில்தான்.

சேகர் சார், 10.48
நசீமா செய்வதுதான் சரி. சென்னைக் கணக்கை மூடாமல் அதை யுபிஐக்கு வைத்துக்கொள்ளலாம். பாரத ஸ்டேட் வங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸை எடுத்துவிட்டது. கனராவும் இந்தியன் வங்கியும் 2025-ல் எடுத்தன. உன்னுடையது எது என்று பார்த்துக்கொள்.

பாஸ்கர், 10.50
ஏடிஎம்?

சேகர் சார், 10.53
நம் ஊரும் தஞ்சாவூரும் மெட்ரோ கணக்கில் வராது. சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 தடவை, மற்ற வங்கியில் 5 தடவை இலவசம். அதற்கு மேல் 23 ரூபாய், வரி தனி. ரேவதிக்கு அது போதும்.

ரேவதி, 11.10
அத்தையிடம் படித்துக் காட்டினேன். படி இல்லாத கிளை என்றதும் உடனே சரி என்றுவிட்டார்கள். கணக்கு தொடங்கும் அன்று நானும் நேரில் இருக்க வேண்டுமா சார்?

சேகர் சார், 11.13
இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு நாள் லீவு எடு. ஆதார், பான் அசலும் நகலும், ஆளுக்கு இரண்டு போட்டோ.

விஜயா அக்கா, 11.16
நாளைக்கு முதலில் நானும் அத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். தெரு முனை தாண்டி ஒன்று, பெரிய கடைத்தெருப் பக்கம் ஒன்று, இரண்டும் கீழ்த்தளம். பதினோரு மணிக்கு ஆட்டோ சொல்லிவிடவா?

ரேவதி, 11.17
சொல்லுங்கள் அக்கா. அத்தை குடையோடு தயாராக இருப்பார்கள்.

நசீமா, 11.18
அக்கா, ஆட்டோவில் எனக்கும் இடம் வையுங்கள். நாமினி படிவம் வாங்க வேண்டும்.