டைமெத்தோகெயின்: மரத்துப்போகச் செய்யும் மருந்து மூளையைக் கிளர்த்துவது ஏன்?

மருந்தியல் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். ஹோஃப்மன் லா ரோச் நிறுவனம் 1930களில் லாரோகெயின் என்ற பெயரில் பல், கண், தொண்டைச் சிகிச்சைகளுக்காகக் கொண்டுவந்த டைமெத்தோகெயின், பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பதால் 1940களில் கைவிடப்பட்டதாகப் படித்தேன். நரம்பை அடக்கும் பொருள் மூளையைக் கிளர்த்துவது எப்படி? பல் பிடுங்குமுன் போடும் லிடோகெயினிலும் இந்த ஆபத்து உண்டா?

மருந்தியல் ஆசிரியர்:
ஒரே மூலக்கூறு இரண்டு இடங்களில் இரண்டு வேலைகளைச் செய்கிறது, அம்மா. நரம்பிழையில் சோடியம் அயனிகள் நுழையும் வழியை அது அடைத்துவிடுவதால் வலிச் செய்தி மேலே செல்வதில்லை. இதை லிடோகெயினும் செய்கிறது. மூளையிலோ, நரம்பு முனை வெளியிட்ட டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய செய்திப்பொருளைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் புரதத்தை டைமெத்தோகெயின் தடுப்பதால், டோபமைன் வெளியிலேயே தேங்கிக் கிளர்ச்சியை உண்டாக்குகிறது. குரங்குகள் தாமே மருந்தைச் செலுத்திக்கொள்ளும்படி அமைத்த ஆய்வுகளில், அவற்றை ஈர்க்கும் வலிமையில் கொகெயினுக்கு அடுத்த இடம் டைமெத்தோகெயினுக்கும், அதற்கும் கீழான இடம் புரோகெயின் என்ற மற்றொரு மரத்துப்போகச் செய்யும் மருந்துக்கும் கிடைத்தன. மரத்துப்போகச் செய்யும் வலிமையை வைத்து இந்த வரிசையை விளக்க முடியாது. டோபமைனை உள்ளே எடுக்கும் அந்தப் புரதத்தோடு மருந்து எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பதே இங்கு கணக்கு.

பல் மருத்துவர்:
லிடோகெயினைப் பற்றி அஞ்ச வேண்டாம். 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய அது அமைடு என்ற வேதிப்பிணைப்பு கொண்ட வகையைச் சேர்ந்தது. டோபமைனை உள்ளே எடுக்கும் புரதத்தை அது பொருட்படுத்தத்தக்க அளவில் தடுப்பதில்லை. ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கிறது என்று நோயாளிகள் சொல்வதுண்டு. அதற்குப் பெரும்பாலும் பயமோ, மருந்து அதே இடத்தில் நீடித்து நிற்பதற்காகச் சேர்க்கப்படும் அட்ரினலினோதான் காரணம்.

வேதியியல் ஆர்வலர்:
கொகெயினைப் போலச் செயல்படுவதால் டைமெத்தோகெயினை அதன் வழித்தோன்றல் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. கொகெயினில் உள்ள டிரோபேன் என்ற இரட்டை வளைய அமைப்பு இதில் இல்லை. ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கி 1905இல் புழக்கத்துக்கு வந்த புரோகெயினைப் போல, இதுவும் பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தின் எஸ்டர்தான் (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மம்). 2010ஐ ஒட்டி ஐரோப்பாவில் இது சட்டத்துக்கு உட்பட்ட போதைப்பொடி என்ற போர்வையில் இணையத்தில் விற்கப்பட்டது.

மருந்தியல் ஆசிரியர்:
அந்த விற்பனையின் கொடுமை இதுதான்: கிளர்ச்சியை நாடி அளவை ஏற்றுபவர்களின் உடலில் சோடியம் வழிகளை அடைக்கும் வேலையும் கூடவே ஏறி, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கவும் வலிப்பை வரவழைக்கவும் கூடும்.